குதிரையேறத் தெரியாத தையல்காரரின் வாரிசுகள்

மௌனப்படக் காலத்துச் சிரிப்புக் குறும்படங்களில் சர்க்கஸ் அடிக்கடி வரும். கூடாரம், மரத்தூள் கொட்டிய ரிங், கூண்டு வண்டிகள், உயரத் தொப்பியும் சாட்டையுமாக ரிங் மாஸ்டர் எல்லாம் இருக்கும். கதாநாயகன் மட்டும் பெரும்பாலும் சர்க்கஸ்காரனாக இருக்க மாட்டான். போலீசுக்குப் பயந்து ஓடிவந்து உள்ளே புகுந்தவன், டிக்கெட் வாங்காமல் கூடாரத் துணிக்கு அடியில் நுழைந்தவன், யானைக்குத் தண்ணீர் காட்ட வந்த கூலியாள், குதிரைக்காரியின் மேல் காதல் கொண்ட பணக்காரப் பையன் என்று யாராவது ஒருவன். வித்தை தெரிந்தவர்கள் ஓரமாக நிற்க, ஒன்றும் தெரியாத இவன் நடு ரிங்கில் மாட்டிக்கொள்வான்.

இந்த ஒன்றும் தெரியாதவனாக நடித்தவர்கள் பலர் உடம்பை வில்லாக வளைக்கத் தெரிந்தவர்கள். பஸ்டர் கீட்டன் நடக்கப் பழகிய வயதிலிருந்தே அப்பா அம்மாவோடு மேடையில் தூக்கி எறியப்பட்டு வளர்ந்தவர். சாப்ளினுக்கும் ஸ்டான் லாரலுக்கும் குருகுலமாக இருந்த நாடகக் குழுவின் முதலாளி பிரெட் கார்னோ, அடிப்படையில் ஒரு ஜிம்னாஸ்ட். இவ்வளவு வித்தை கையில் இருக்கும்போது, சர்க்கஸைக் களமாக வைத்துக்கொண்டு ஏன் வித்தையைக் காட்டவில்லை? தெரியாத மாதிரி ஏன் நடித்தார்கள்?

பாதி பதில் சர்க்கஸின் வரலாற்றிலேயே இருக்கிறது. இன்று நாம் சர்க்கஸ் என்று சொல்லும் காட்சிக்கலையை 1768-ல் லண்டனில் தொடங்கிவைத்தவர் பிலிப் ஆஸ்ட்லி. குதிரைப் படையில் இருந்தவர். குதிரை வட்டமாக ஓடினால் அதன் முதுகில் நிற்பது எளிது என்பதை வைத்து அவர் அமைத்த வட்டம்தான் ரிங். அதன் விட்டம் கடைசியில் 42 அடியில் வந்து நிலைத்தது. உலகம் முழுக்க சர்க்கஸ் கம்பெனிகள் அந்த அளவையே பிடித்துக்கொண்டன. அதே ஆரம்ப நாட்களில் ஆஸ்ட்லி ஒரு சிரிப்புக் காட்சியையும் சேர்த்தார். பிரென்ட்ஃபோர்டு என்ற ஊருக்கு ஓட்டுப் போடப் போகும் தையல்காரர் ஒருவர். குதிரையேறத் தெரியாது. தப்பான பக்கத்திலிருந்து ஏறுவார், மறுபக்கம் விழுவார். ஏறி உட்கார்ந்தால் குதிரை நகராது. நகர்ந்தால் நிற்காது. கடைசியில் குதிரை அவரையே துரத்தும். பிரென்ட்ஃபோர்டு தேர்தல் அப்போது லண்டனையே கலக்கிய அரசியல் விவகாரம் என்பதால் ஜனங்களுக்கு உடனே பிடித்துப்போனது. தேர்தல் மறந்துபோன பிறகும் தையல்காரர் ஓயவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக ஊர் ஊராக விழுந்துகொண்டே இருந்தார்.

அமெரிக்காவுக்குப் போனதும் அவர் குடிகாரராக மாறினார். கூட்டத்திலிருந்து ஒருவன் தள்ளாடி எழுந்து, நானும் குதிரை ஓட்டுவேன் என்று தகராறு செய்வான். ஜனங்கள் கத்துவார்கள், ரிங் மாஸ்டர் கெஞ்சுவார், கடைசியில் ஏறிவிடுவான். விழப்போகிறான், சாகப்போகிறான் என்று எல்லோரும் பதறும் நேரத்தில் குதிரை முதுகில் எழுந்து நிற்பான்; போட்டிருக்கும் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வீசுவான்; உள்ளே ஜிகினா உடை மின்னும். கம்பெனியின் முதல்தர குதிரைக்காரனே அவன்தான். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ரிங் மாஸ்டர் ஏமாந்துபோனார் பாவம் என்று உண்மையாகவே வருத்தப்படுவான்.

ஆக, சர்க்கஸில் அசட்டுத்தனம் ஒரு முன்னுரைதான். பார், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டிவிட்டு, கடைசியில் ஜிகினா உடையைக் காட்ட வேண்டும். கைதட்டல் அதற்குத்தான். குறும்படங்களில் அந்தக் கடைசிக் கட்டம் காணாமல் போய்விட்டது. சட்டையைக் கழற்றும் தருணம் வருவதே இல்லை. அசடன் அசடனாகவே கூடாரத்தை விட்டு ஓடுவான். சினிமா சர்க்கஸிடம் வாங்கியவற்றில் மிகப் பெரிய மாற்றம் இது என்பது என் எண்ணம்.

சினிமாவின் முதல் வருஷங்களில் இப்படி இல்லை. எடிசனின் ஆட்கள் 1894-ல் ஸ்டூடியோவுக்கு அழைத்துவந்து படம்பிடித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் பாதி சர்க்கஸ் நோட்டீஸ் போலவே இருக்கும். பலசாலி சாண்டோ, குறி தவறாத துப்பாக்கிக்காரி ஆனி ஓக்லி, தொய்வான கயிற்றில் குதித்தாடும் குவான் கைசீடோ, கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போடும் பூனைகள். அரை நிமிஷத்துக்கும் குறைவான துண்டுகள். வித்தையை வித்தையாகவே காட்டியவை. புதுமை இருக்கும்வரை ஓடின.

பிறகு சினிமாக்காரர்களே அந்த மதிப்பைக் கெடுத்தார்கள். கேமராவை நடுவில் நிறுத்திவிட்டு ஆளை மாற்றி, மறுபடி ஓடவிட்டால் மனிதன் மறைந்துபோவான் என்று பிரான்சின் ஆரம்பகாலப் படக்காரர் மெலியெஸ் காட்டினார். கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் கேமராவை மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆள் படுவேகமாக ஓடுவான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு திரையில் ஒருவன் நாற்பதடி உயரக் கயிற்றில் நடந்தால், மேலே கம்பி கட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? சர்க்கஸில் வித்தைக்குச் சாட்சி நாம்தான். அதே காற்றை மூச்சுவிட்டுக்கொண்டு அதே கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். திரையில் அந்தச் சாட்சி இல்லை. விழுவதற்கு அது தேவைப்படவில்லை. பொத்தென்று உட்காரும் மனிதனின் முகம் போகும் போக்கைப் பார்த்து, கம்பி கட்டினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் மாறியது. சர்க்கஸ் கோமாளிகள் பெரும்பாலும் ஜோடியாக வருவார்கள். முகத்தில் வெள்ளை பூசி, மினுமினுக்கும் உடை அணிந்து, அதிகாரம் செய்பவன் ஒருவன்; தொளதொள உடையோடு அடிவாங்குபவன் இன்னொருவன். பாரிஸில் இந்த ஜோடிக்கு இலக்கணமாக இருந்தவர்கள் ஃபூட்டிட்டும் ஷோக்கோலாவும். ஷோக்கோலா என்பது மேடைப் பெயர். ரஃபேல் பதியா என்பது அவரது பெயர். கியூபாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். வெள்ளைக்காரரான ஃபூட்டிட் அறைய, இவர் வாங்கிக்கொள்ள, பாரிஸ் கைகொட்டிச் சிரித்தது. 1890-களின் கடைசியில் பிரான்சின் முன்னோடிப் படக் கம்பெனியான லூமியேர் நிறுவனம் இவர்களது காட்சிகளைப் படம்பிடித்தது. அந்தச் சில விநாடித் துண்டுகளை இன்று பார்க்கும்போது சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. ஆனால் ஷோக்கோலாவின் உடம்பைக் கவனித்தால் தெரியும், அறை விழும் கணத்தைத் தீர்மானிப்பவர் அறைபவர் இல்லை, வாங்குபவர்தான். 1917-ல் போர்தோ நகரில் வறுமையில் இறந்தார்.

குறும்படங்கள் இந்த ஜோடியில் அடிவாங்குபவனை மட்டும் எடுத்துக்கொண்டன. வெள்ளை முகக்காரனின் வேலையைப் போலீஸ்காரர், கடை முதலாளி, மாமியார், ரிங் மாஸ்டர் ஆகியோர் பங்குபோட்டுக்கொண்டார்கள். அதிகாரம் செய்ய முகத்தில் பூச்சு வேண்டியதில்லை, ஒரு மீசையும் ஒரு தொப்பியும் போதும் என்றாகிவிட்டது.

ஐரோப்பாவில் சர்க்கஸிலிருந்து சினிமாவுக்கு நேராகவே ஆள் வந்தார்கள். இத்தாலியில் பொலிடோர் என்ற பெயரில் குறும்படங்களாக நடித்துத் தள்ளிய ஃபெர்டினான்ட் கியோம் தலைமுறை தலைமுறையாகச் சர்க்கஸ் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. (பல வருஷம் கழித்து இத்தாலிய இயக்குநர் ஃபெலினி இவரைத் தேடிப்பிடித்து, 1960-ல் வந்த ‘லா டோல்ச்சே விட்டா’வில் பலூன்களோடு வரும் கிழக் கோமாளியாக நடிக்கவைத்தார்.) டென்மார்க்கில் கதை வேறு. அங்கே 1911-ல் வந்த ‘நான்கு சாத்தான்கள்’ வெற்றிபெற்றதும், ட்ரபீஸில் (அந்தரத்து ஊஞ்சல் வித்தையில்) காதல், பொறாமை, கைநழுவிச் சாவு என்று நீண்ட சோகப்படங்கள் வரிசைகட்டின. நீளப் படம் என்றால் சர்க்கஸில் ஒருவன் விழுந்து சாக வேண்டும். குறும்படம் என்றால் விழுந்து எழுந்து ஓட வேண்டும். ஏறக்குறைய மௌனப்படக் காலம் முழுக்க இந்தப் பங்கீடு நீடித்தது.

அமெரிக்கக் குறும்படங்களில் சர்க்கஸ் இவ்வளவு வந்ததற்குக் கலைக் காரணங்களைத் தேட வேண்டாம். இரண்டு ரீல் படம் என்றால் திரையில் சுமார் இருபது நிமிஷம். ஓயாமல் அடுத்தடுத்து எடுத்துத் தள்ள வேண்டும். கயிறு, வலை, ஏணி, கூண்டு, விதவிதமான உடை, துரத்துவதற்கு வாகான சுற்றுப்பாதை, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் களம் வேறெது? கதை எழுதக்கூட வேண்டாம். விலங்குகளும் பக்கத்திலேயே கிடைத்தன. ஆல் ஜி. பார்ன்ஸ் சர்க்கஸ் குளிர்காலத்துக்கு லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய வெனிஸில் முகாம் போட்டது. பிறகு கல்வர் சிட்டிக்கு அருகே போனது. படத் தயாரிப்பாளர் வில்லியம் செலிக் 1915-ல் லாஸ் ஏஞ்சலஸில் தனக்கென்று ஒரு மிருகக்காட்சிசாலையையே திறந்தார். யுனிவர்சல் ஸ்டூடியோவும் தன் வளாகத்தில் விலங்குகளை வைத்திருந்தது. சும்மா படுத்திருந்தாலும் சிங்கத்துக்கு இறைச்சி போட்டாக வேண்டும். அந்தச் செலவில் கொஞ்சம் வாடகையாகத் திரும்பி வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அந்தச் சிங்கத்தை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சுவாரசியமானது. சர்க்கஸில் சிங்கமும் பயிற்சியாளரும் நேருக்கு நேர் நிற்பார்கள். யார் கண் முதலில் தாழ்கிறது என்பதுதான் காட்சி. சிரிப்புப் படத் தயாரிப்பாளர் மாக் சென்னட்டின் படங்களிலும் அவரைப் பார்த்துச் செய்தவர்களின் படங்களிலும் சிங்கம் அநேகமாக மனிதனுக்குப் பின்னால் நிற்கும். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஷூ கழற்றுவான். போர்வைக்குள் ஏதோ அசையும். அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். சென்னட் தயாரித்த ‘தி எக்ஸ்ட்ரா கேர்ள்’ (1923) நீளப்படம்தான், ஆனாலும் அதன் பெயர்பெற்ற காட்சி குறும்படத்தின் பிள்ளை. சிங்க வேஷம் போட்ட நாய் என்று நினைத்துக்கொண்டு நிஜச் சிங்கத்தைக் கயிற்றில் கட்டி ஸ்டூடியோ முழுக்க இழுத்துக்கொண்டு போவார் மேபல் நார்மண்ட். ஸ்டூடியோ ஆட்கள் தெறித்து ஓடுவார்கள், இவர் அதைத் திட்டிக்கொண்டே நடப்பார்.

இந்த வகைச் சிரிப்பு ரிங்கில் நடக்காது. சுற்றிலும் ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் மறைப்பதற்கு மூலையே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது யாரோ ஒருவருக்கு முன்பக்கம். கேமராவுக்கு ஒரே பக்கம்தான் கண். கேமரா பிடிக்கும் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வெளியே சிங்கத்தை நிறுத்திவைத்து, வேண்டிய நேரத்தில் உள்ளே கொண்டுவரலாம். சர்க்கஸிலிருந்து விலங்கை எடுத்துக்கொண்டு, சர்க்கஸால் முடியாத ஒரு வேலையை அதற்குக் கொடுத்தது குறும்படம். (அந்த விலங்குகளை எப்படிப் பழக்கியிருப்பார்கள் என்ற நினைப்பு குறுக்கே வராமல் இன்று இவற்றைப் பார்க்க முடிவதில்லை. அது வந்தே தீரும், வரவும் வேண்டும்.)

சர்க்கஸின் பெரிய கோமாளிகளே நடித்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்குமே என்று தோன்றலாம். முயன்று பார்த்தார்கள். நியூயார்க் ஹிப்போட்ரோம் என்பது 1905-ல் திறந்த, ஐயாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய பிரம்மாண்டமான அரங்கம். அங்கே பெயர்பெற்ற கோமாளி டோட்டோவைப் படத் தயாரிப்பாளர் ஹால் ரோச்சின் கம்பெனி குறும்படங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. சரிப்பட்டு வரவில்லை, பாதியிலேயே போய்விட்டார். மீதிப் படங்களை முடித்துக்கொடுக்க 1918-ல் ஒரு ஆங்கிலேய மேடை நடிகரைப் பிடித்தார்கள். அவர்தான் ஸ்டான் லாரல். ஐயாயிரம் பேரில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிகிற மாதிரி கையை வீசிப் பழகியவர்களுக்கு, முழங்கையளவு தூரத்தில் நிற்கும் கேமரா எதிரிதான். லாரல் தலையைச் சொறிந்தாலே போதுமானதாக இருந்தது.

டோட்டோவுக்கும் முன்னால் அதே ஹிப்போட்ரோமில் கொடிகட்டிப் பறந்தவர் ஸ்பெயினில் பிறந்த மார்செலின். உதவி செய்கிறேன் பேர்வழி என்று வந்து, கம்பளம் விரிக்கும் ஆட்களின் காலில் விழுந்து எல்லாவற்றையும் கெடுப்பது அவரது தனி முத்திரை. அதற்கும் முன் லண்டனில் இருந்தபோது, 1900-ம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு நடந்த ‘சிண்ட்ரெல்லா’வில் அவரோடு பூனை வேஷம் போட்டு நடித்தான் ஒரு சிறுவன். ஒருநாள் அந்தப் பூனை, சொல்லிக்கொடுக்காத வேலையாக, நாயின் பின்பக்கத்தை மோந்து பார்த்துவிட்டு ஜனங்களைப் பார்த்து முழித்தது. அப்புறம் காலைத் தூக்கியது. அரங்கம் அதிர்ந்தது. மேனேஜர் ஓரத்திலிருந்து பதறிக் கையாட்டினார். பையனின் பெயர் சார்லி சாப்ளின்.

மார்செலினும் 1915-ல் ஒரு குறும்படத்தில் நடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ரிங்லிங் சர்க்கஸின் பெரிய ரிங்கில் ஓடித் திரியும் பல கோமாளிகளில் ஒருவராக அவரைப் பார்த்ததாகவும், அவர் அடையாளம் தெரியாமல் கரைந்துபோயிருந்ததாகவும் சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1927 நவம்பரில் நியூயார்க் ஹோட்டல் அறை ஒன்றில் மார்செலின் தன் உயிரை முடித்துக்கொண்டார். அப்போது சாப்ளின் ‘தி சர்க்கஸ்’ படத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

‘தி சர்க்கஸ்’ குறும்படம் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய சர்க்கஸ் குறும்படங்களின் சூத்திரத்தை எடுத்துவைத்து, இது ஏன் வேலை செய்கிறது என்று கேட்கும் படம். போலீஸ் துரத்த நாடோடி (சாப்ளினின் வழக்கமான வேஷம்) ரிங்குக்குள் ஓடிவருகிறான். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. முதலாளி கூப்பிட்டு, எங்கே, சிரிப்புக் காட்டு என்கிறார். அவனால் முடியவில்லை. கோமாளிகளின் பழைய வில்லியம் டெல் காட்சியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தலையில் ஆப்பிளை வைத்துக் குறிபார்க்கும் அதே காட்சியைத்தான் ஃபூட்டிட்டும் ஷோக்கோலாவும் முப்பது வருஷத்துக்கு முன் கேமரா முன் செய்தார்கள். இவன் ஆப்பிளைக் கடித்து, புழுவைப் பார்த்து, அதற்குப் பதிலாக வாழைப்பழத்தை வைக்கிறான். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. தெரிந்து செய்தால் சிரிப்பு வராது, தெரியாமல் செய்தால் வரும். அதனால் அவனிடம் சொல்லாமலே, சாமான் தூக்கும் கூலி என்று பெயருக்கு வேலை கொடுத்து, கம்பெனியின் நட்சத்திரமாக வைத்துக்கொள்கிறார் முதலாளி. குடிகாரன் சட்டையைக் கழற்றும் பழைய காட்சிக்கு நேர் எதிர். இங்கே ஜிகினா உடை உள்ளே இருக்கிறது என்பது போட்டிருப்பவனுக்கே தெரியாது.

படம் எடுத்த கதையோ துயரம். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே புயல் கூடாரத்தைப் பிய்த்துப்போட்டது. முதல் மாதம் எடுத்ததெல்லாம் நெகட்டிவில் கீறல் விழுந்து வீணானது. 1926 செப்டம்பரில் ஸ்டூடியோ தீப்பிடித்தது. மனைவி லீட்டா கிரேயின் விவாகரத்து வழக்கால் மாதக்கணக்கில் வேலை நின்றது. இவ்வளவுக்கும் நடுவில் சாப்ளின் நிஜமாகவே கயிற்றில் நடக்கக் கற்றுக்கொண்டார். பழைய சகா ஹென்றி பெர்க்மன் சொல்லிக்கொடுத்தார். கயிற்றுக் காட்சிக்கு 700-க்கும் மேல் டேக்குகள் எடுத்ததாகவும், சிங்கக் கூண்டுக்குள் 200 வரை எடுத்ததாகவும் சொல்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கற்ற வித்தையை அவர் படத்தில் எப்படிக் காட்டுகிறார் தெரியுமா? இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கம்பி கழன்றுபோனது தெரியாமல் அலட்சியமாக ஆடுகிறான் நாடோடி. தெரிந்ததும் உடம்பெல்லாம் உதறுகிறது. அதோடு குரங்குகள் ஏறி வந்து மூக்கைக் கடித்து, கால்சட்டையையும் உருவிவிடுகின்றன. திறமையாகக் கயிற்றில் நடப்பவனை யாரும் நம்பமாட்டார்கள் என்பது சாப்ளினுக்குத் தெரியும். கால்சட்டை அவிழ்ந்து நடுங்குபவனை நம்புவார்கள். முதல் ஆஸ்கர் விழாவில் இந்தப் படத்துக்காக அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். சுயசரிதையில் அவர் இந்தப் படத்தைப் பற்றி ஏறக்குறைய வாயே திறக்கவில்லை.

கீட்டன் இதே கேள்வியை 1921-ல் ‘தி பிளேஹவுஸ்’ என்ற இரண்டு ரீல் படத்தில் வேறு விதமாகத் திருப்பிப் போட்டிருந்தார். வித்தைக் குரங்கைத் தப்பவிட்ட மேடைக் கூலியாள், தானே குரங்காக வேஷம் போட்டு மேடையேறுகிறான். மனிதனாகச் செய்தால் பிரமிக்க வேண்டிய வித்தைகளை, மனிதனைப் பார்த்துச் செய்யும் குரங்காகச் செய்கிறார் கீட்டன். வித்தையை ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

பேசும்படம் வந்த பிறகு சர்க்கஸ் குறும்படம் நொடித்துப்போன சர்க்கஸைப் பற்றியதாகிவிட்டது. 1932-ல் வந்த லாரல்-ஹார்டியின் ‘தி சிம்ப்’ மூன்று ரீல். இருவரும் செய்யும் கூத்தில் கூடாரமே சரிகிறது, கம்பெனி திவாலாகிறது. சம்பளம் கொடுக்கப் பணமில்லாத முதலாளி, சொத்துக்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்துக் கொடுக்கிறார். லாரலுக்குத் தெள்ளுப்பூச்சி சர்க்கஸ். ஹார்டிக்கு எத்தல் என்ற குரங்கு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்த வருஷங்களில் சம்பளத்துக்குப் பதில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போன கதை பார்வையாளர்களுக்குப் புதிதா என்ன? அதற்குப் பிறகு ரிங்கே கிடையாது. வாடகை அறை, ராத்திரி, படுக்கையில் தெள்ளுப்பூச்சிகள். வீட்டுக்காரர் பில்லி கில்பர்ட்டின் மனைவி பெயரும் எத்தல். படுக்க வா எத்தல் என்று ஹார்டி குரங்கைக் கெஞ்சுவது கதவுக்கு வெளியே நிற்பவர் காதில் விழுகிறது. குரங்குத் தோலுக்குள் இருந்தவர் பிலிப்பைன்ஸில் பிறந்த சார்ல்ஸ் ஜெமோரா. ஹாலிவுட்டில் கொரில்லா வேஷம் என்றாலே அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மௌனப்படக் காலத்துக் குறும்படங்கள் நிறையத் தொலைந்தும் போயின. இன்னொரு சிரிப்பு நடிகரான ஹெரால்ட் லாய்ட் தன் ஆரம்பகால ‘லோன்சம் லூக்’ வேஷத்தில் சர்க்கஸ் முதலாளியாகக்கூட ஒரு படம் நடித்திருந்தார். 1943-ல் அவர் வீட்டு எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் படச்சுருள் கிடங்கு பற்றி எரிந்தபோது அந்தக் காலத்துப் படங்கள் பல சாம்பலாயின.

கீட்டன் 1947-ல் பாரிஸின் மெத்ரானோ சர்க்கஸில் ஒப்பந்தமாகி, நிஜ ரிங்கில் இறங்கினார். வீடு சாயும்போது ஜன்னல் ஓட்டைக்குள் நிற்பது, ஓடும் ரயிலுக்கு முன்னால் உட்கார்ந்து கட்டையைத் தூக்கிப்போடுவது என்று அவரைப் பெரிய ஆளாக்கிய எதையும் அங்கே கொண்டுபோக முடியாது. அந்த ரிங்குக்காக அவர் பொறுக்கி எடுத்தவற்றில் ஒன்று, 1929-ல் ஒரு படத்துக்காகச் செய்த காட்சி: குடிபோதையில் மயங்கிக் கிடக்கும் மணப்பெண்ணைத் தூக்கிப் படுக்கையில் போட முயல்வது. சட்டம், வெட்டு, கேமரா வேகம் எதுவும் வேண்டாத, இரண்டே உடம்புகள் செய்யும் வேலை. மனைவி எலினார் மணப்பெண்ணாகத் துவண்டு விழுவார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, வழுக்கிப் போனதைப் பிடித்து, தோளில் போட்டு, அவரும் சேர்ந்து விழுந்து, மறுபடி எழுந்து தூக்கினார்.